தந்தி மாஸ்டர் வீட்டு பல்பு

புதிதாக அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருக்கும் தம்பிகள் சிலர், வால்வு ஆம்ப்ளிஃபயரை டியூன் செய்வது எப்படி என்று என்னை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்பதற்கு என் அறிவு காரணமல்ல. அந்தக் காலத்து வால்வுகளில் விரலைச் சுட்டுக்கொண்ட பிறகும் உயிரோடு இருக்கிறவன், கூப்பிட்டால் வருகிறவன், எழுதச் சொன்னால் நிறுத்தத் தெரியாதவன் என்று பார்த்தால் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் மிஞ்சுகிறேன்.

டியூன் செய்வதற்கு மூன்று வாக்கியம் போதும். மோர்ஸ் கீயை அழுத்திக்கொண்டு கண்டன்சர் குமிழைத் திருப்புங்கள். மீட்டர் முள் எங்கே சட்டென்று கீழே இறங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்தை விட்டுத் தள்ளி நின்றால் மின்சாரம் அதிகமாக இழுக்கும், வெளியே போவது குறையும், வால்வுக்குள் இருக்கும் தகடு அடுப்பு மாதிரி சிவக்கும். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது, எல்லாம் தெரிந்தே அந்த இடத்தை விட்டுத் தள்ளி நின்ற கதை.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தோம். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மூலைக்கு மூலை கூட்டம் நடக்கும். வடசேரியில் ஒரு சந்தின் கடைசி வீடு என்னுடையது. பகலில் மின் இலாகாவில் சப் ஓவர்சியர். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு மேசை, ஒரு மோர்ஸ் கீ, காதில் ஹெட்போன். என் சின்ன டிரான்ஸ்மிட்டர் கொழும்பு வரை போகும். அங்கே ரிட்டயர்டு சர்வேயர் ஒருவர் எனக்கு நிரந்தரக் கூட்டாளி. நாங்கள் இருவரும் மழையைப் பற்றிப் பேசுவோம். லைசென்ஸ் விதிப்படி மழையும் மெஷினும் தவிர அதிகம் பேசக் கூடாது. மனிதர்களுக்குள் வேறு பேச்சு எதுவும் அவசியமில்லை என்று விதி எழுதினவர் நினைத்திருக்கலாம்.

எனக்குக் கொழும்பு போதவில்லை. ஆஸ்திரேலியா வேண்டும் என்று ஆசை வந்தது. ஆஸ்திரேலியாவில் யாருக்கும் சொல்ல என்னிடம் ஒரு சேதியும் இல்லை. ஆனாலும் மதராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து யுத்தத்தில் மிஞ்சிய இரண்டு வால்வுகளை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். என் மனைவி சரசு சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது சோறு வேவிக்குமா?" என்று கேட்டாள். அதன் சூட்டுக்கு வேவித்திருக்கும். மற்ற விஷயங்களில் அவளுக்குச் சந்தேகம் இருந்தது.

முதல் நாள் கீயை அழுத்தினதும் என் வீட்டு பல்பு தலை குனிந்தது. எங்கள் சந்துக்கு வருகிற கம்பி மெலிது, தூரமும் அதிகம். நான் கீயை அழுத்தும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயர் ஒரு வாய் மின்சாரத்தை உறிஞ்சும். அதே கம்பியில் தொங்குகிற மூன்று வீட்டு விளக்குகள் மங்கும். என் வீடு, எதிரே பொன்னக்கா வீடு, பக்கத்தில் டெய்லர் தங்கராஜ் வீடு. மோர்ஸ் என்பது நீளமும் குட்டையும்தானே. நான் நெடில் அடித்தால் மூன்று வீட்டிலும் நெடிலாக மங்கியது, குறில் அடித்தால் குறிலாக.

தங்கராஜ் புகார் கொடுக்க வீட்டுக்கு வரவில்லை. முறைப்படி ஆபீசுக்கு வந்தார். புகாரைக் கேட்கிற மேசை என்னுடையது. வோல்டேஜ் ஆடுகிறது, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்றார். நான் மூஞ்சியைக் கனமாக வைத்துக்கொண்டு, எந்த நேரத்தில் ஆடுகிறது என்று கேட்டேன்.

"சார் வீட்டுக்கு வந்து சாயா குடிச்ச பொறவு," என்றார்.

போஸ்டில் மூன்று கம்பிகள் வரும். ஒன்றில் சுமை அதிகம், இன்னொன்றில் குறைவு. இன்ஜினியரிடம் அனுமதி கேட்டு, என் வீட்டு இணைப்பைச் சுமை குறைந்த கம்பிக்கு மாற்றிக்கொண்டேன். சந்து விளக்குகள் அசையாமல் நின்றன. தங்கராஜ் எனக்கு ஒரு சட்டையைக் கூலி வாங்காமல் தைத்துத் தந்தார். இருபது நிமிஷ வேலைக்குக் கிடைத்த அந்தப் பெருமையைப் போட்டுக்கொண்டு நான் கொஞ்ச நாள் நடந்தேன்.

அப்புறம் பொன்னக்கா வந்தாள்.

அவளுடைய வீட்டுக்காரர் பழைய தந்தி ஆபீஸ் சிக்னலர். ஊரில் எல்லோருக்கும் தந்தி மாஸ்டர். பென்ஷன் வாங்க ஆரம்பித்த சில காலத்தில் வாதம் அடித்து வலது பக்கமும் வாயும் போய்விட்டன. புத்தியும் போய்விட்டது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. நாங்கள் அந்தச் சந்துக்குக் குடி வந்தபோதே அவர் கட்டிலில்தான் கிடந்தார். பொன்னக்கா அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, மாலையில் விளக்கைப் போட்டு, இரவில் அணைத்து, அப்படியே இரண்டு மூன்று வருஷத்தை ஓட்டியிருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்டு வராதவள். வாசலில் நின்றாள்.

"தம்பி, அந்த லைட்டு ஆடிட்டு இருந்துதே, அதை நிறுத்தினது நீங்களா?"

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, ஆமாம் அக்கா, இனிமேல் பயமில்லை என்றேன்.

"அதைத் திரும்ப ஆட வைக்க முடியுமா?"

என் சர்வீசில் அப்படி ஒரு விண்ணப்பம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. உட்காரச் சொல்லி விசாரித்தேன். விளக்கு ஆடுகிற நாட்களில் மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டு கிடப்பாராம். அசைகிற பக்கத்து வாய் கொஞ்சம் சிரிக்குமாம். ஆட்டம் நின்ற நாளிலிருந்து கஞ்சி இறங்கவில்லை. பொன்னக்கா மண்டைக்காட்டுக்காரி. ஊர்க் கோயில் அம்மைதான் விளக்கில் வந்து போகிறாள், ஏதோ பிழை கண்டு போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் படித்தவன். கம்பியின் மெலிவு, மின்சாரத்தின் ஓட்டம், என் ஆம்ப்ளிஃபயரின் பசி எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். அவளும் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி தம்பி, கம்பி வழியாத்தான் வந்தா," என்றாள். "இப்ப வரலியே."

சரி, ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம் என்று போனேன். மாஸ்டர் மெலிந்து கட்டிலோடு கட்டிலாக இருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். குனிந்து, செவிடரிடம் பேசுவதுபோல, "மாஸ்டர், சுகமா இருக்கியளா?" என்று கத்தினேன். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. பல்பைப் பார்த்தார். இடது கையின் ஆள்காட்டி விரல் கட்டில் சட்டத்தில் டொக், டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன். நடுக்கம் என்றாள் பொன்னக்கா. வைத்தியர் தைலம் கொடுத்திருக்கிறார், குறையவில்லை.

இங்கேதான் தம்பிகளே, நம்மைப் போன்ற ரேடியோக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. நாம் மோர்ஸை ஊதல் சத்தமாகக் கேட்டுப் பழகியவர்கள். நீளமாக ஊதினால் நெடில், குட்டையாக ஊதினால் குறில். மரத்தில் விரல் தட்டினால் நீளம் ஏது, குட்டை ஏது? எல்லாம் ஒரே டொக். என் காதுக்கு அது நடுக்கமாகத்தான் கேட்டது. வீட்டை விட்டு இறங்கி, செருப்பைத் தேடுகிற சாக்கில் ஒரு தடவை திரும்பினேன். அந்தத் தூரத்தில் சத்தம் கேட்கவில்லை, விரல் மட்டும் தெரிந்தது. விரல் சட்டத்தில் சற்று நேரம் படுத்துக் கிடந்தது. எழுந்து, தொட்டுவிட்டு எழுந்தது. மறுபடி படுத்துக் கிடந்தது.

நெடில், குறில், நெடில். கொஞ்சம் இடைவெளி. நெடில், குறில், நெடில்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது K என்ற எழுத்து. நம் பாஷையில் 'நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ அனுப்பு' என்று அர்த்தம். விளக்கு அசையாமல் நின்ற நாளிலிருந்து அந்த மனிதர் இரவும் பகலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். கத்தாமல், சாதாரணக் குரலில், "மாஸ்டர், நான் வாசிக்கேன். சொல்லுங்க," என்றேன். விரல் நின்றது. கண் பல்பை விட்டு என்மேல் வந்தது.  பிறகு விரல் மெல்லத் தொடங்கியது. தந்தியின் பாஷையான ஆங்கிலத்தில்தான். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் உலகத்துக்குச் சொன்ன முதல் வாக்கியம்: 'உன் நெடில் குட்டையாக இருக்கிறது.'

பொன்னக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவளுக்கு அது விளங்கவில்லை. அவர் உள்ளே இருக்கிறார் என்பது மட்டும் விளங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன வேணும்ணு கேளுங்க தம்பி," என்றாள்.

விரல் நான்கே ஆங்கில எழுத்து தட்டியது. உப்பு.

வைத்தியர் உப்பு ஆகாது என்று சொல்லியிருந்தார். வருஷக்கணக்காக அவள் உப்பில்லாத கஞ்சியைத்தான் ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுக்களைக்குள் போனவள் கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

அன்று மாலையே என் மனிதாபிமானம் பொங்கி எழுந்தது. தற்காலிகமாகப் பழைய கம்பியில் இணைத்துக்கொண்டேன். ஆனால் ஏரியலை மாட்டவில்லை. டியூன் பழகும்போது ஏரியலுக்குப் பதிலாக ஒரு பெரிய பல்பை மாட்டிவைப்போமே, அதை மாட்டினேன். காற்றில் ஒன்றும் போகாது, விதியும் மீறப்படாது, கம்பி மட்டும் மங்கும். என் மேசையில் ஒரு பல்பு பளிச்சென்று எரிய, எதிர்வீட்டில் அவர் தலைக்கு மேல் ஒரு பல்பு மங்கியது. அவருக்காகவே யோசித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகளை எல்லாம் அனுப்பினேன். காலண்டரின் அடியில் அச்சடித்திருப்பார்களே, அந்த ரகம். முடித்துவிட்டு, பாராட்டு வாங்க எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

விரல் கேட்டது: 'யாரிடம்?'

உங்களிடம்தான் மாஸ்டர் என்றேன்.

'அந்தப் பக்கம் ஆள் இல்லை,' என்றது விரல். 'நீ காத்திருக்கவில்லை.'

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. நான் கொழும்போடு பேசும்போது அவருக்குக் கிடைத்தது என் பாதி மட்டும். நான் நிறுத்துவேன், விளக்கு தெளியும். அந்தத் தெளிந்த நேரம் முழுக்க எங்கோ ஒருவன் பதில் அடித்துக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். அது என்ன பதில் என்று என் அடுத்த வரியிலிருந்து ஊகிப்பார். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை மற்றவர்களின் சேதியைக் கை மாற்றிவிடுவது. யாரும் அவருக்கென்று எதையும் அனுப்பியதில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. நோயாளியைச் சுற்றி நின்று நாங்கள் எல்லோரும் அவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த பல்பு ஒன்றுதான் அவரிடம் பேசாமல் தன் வேலையைப் பார்த்தது. அது ஆடினால் ஆபீஸ் திறந்திருக்கிறது. நின்றுவிட்டால் மூடிவிட்டார்கள்.

ஆகவே நிஜமாகவே காற்றில் போக வேண்டும், அதுவும் கெட்ட கம்பியில் இருந்துகொண்டு. தங்கராஜிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பொன்னக்கா போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டாள். என்ன சொன்னாளோ தெரியாது. மறுநாள் அவர் என்னைப் பார்த்ததும் நின்றார். "அந்த நேரம் மெஷினை மூடிட்டு நான் சாயா குடிக்கப் போயிருவேன்," என்றார். "ஆனா நீரு ஆஸ்திரேலியா பிடிக்கதுக்குண்ணா ஒரு நாளு கூட விட மாட்டேன், கேட்டீரா?" இன்ஜினியரிடம் போவதுதான் கஷ்டமாக இருந்தது. நல்ல கம்பியிலிருந்து கெட்ட கம்பிக்கு மாற்ற அனுமதி கேட்டேன். ஏன் என்றார். வீட்டில் வோல்டேஜ் ரொம்ப நன்றாக இருக்கிறது சார் என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வெயிலில் அதிகம் அலைய வேண்டாம் என்று சொல்லி அனுமதித்தார்.

அதன் பிறகு தினமும் விளக்கு வைத்ததும் கொழும்பு. முடிந்ததும் நான் எதிர்வீட்டுக்குப் போவேன். "இண்ணைக்கு ஆரு கிட்டினா?" என்று பொன்னக்கா வாசலிலேயே கேட்பாள். கட்டிலில் விரல் தன் ஊகத்தைச் சொல்லும். 'அவர் வீட்டில் காய்ச்சல்.' சரியாக இருக்கும். 'அவர் ஏரியல் காற்றில் விழுந்துவிட்டது.' சரியாக இருக்கும். ஒரு நாள், 'இன்று வேறு ஆள்,' என்றார். அன்று கல்கத்தாக்காரர் ஒருவர் கிடைத்திருந்தார். நான் நிறுத்திக் காத்திருந்த நேரத்தின் நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். கல்கத்தாக்காரர் வளவளவென்று அடிப்பவர்.

உப்புப் போட்ட கஞ்சி இறங்கியது. ஆனால் சில மாதங்களில் அவருடைய கண் மங்கத் தொடங்கியது. விளக்கின் ஆட்டம் சரியாகத் தெரியவில்லை என்றார். விளக்கு இன்னும் ஆழமாக மங்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான், ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த வழி. மீட்டர் முள் இறங்குகிற இடத்தை விட்டுக் கண்டன்சரைத் தள்ளி வைத்தேன். ஆம்ப்ளிஃபயர் மடமடவென்று மின்சாரத்தைக் குடித்தது. எதிர்வீட்டு பல்பு நன்றாகக் குனிந்து நிமிர்ந்தது. வால்வுக்குள் தகடு சிவந்தது. கொழும்புக்காரர் கவலையோடு கேட்டார்: உன் சத்தம் குறைந்துவிட்டதே, ஆம்ப்ளிஃபயரில் என்ன கோளாறு? கோளாறு ஒன்றுமில்லை, நன்றாக வேலை செய்கிறது என்று பதில் சொன்னேன். ஆஸ்திரேலியாவுக்கென்று வாங்கின வால்வுகளின் ஆயுள் சந்தின் அகலத்துக்குள் தீர்ந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் அதைத் தவறு என்றுதான் போட்டிருக்கும். நீங்களும் புத்தகப்படியே செய்யுங்கள். எப்போது அப்படிச் செய்யக்கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. அன்று எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

மழைக்காலம் ஆரம்பித்த ஒரு மாலை. எங்கள் ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போலக் கொழும்பைக் கூப்பிட்டேன், கிடைத்தார். இங்கே நல்ல மழை என்று அடித்தேன். அங்கே மழை உண்டா என்று கேட்டு, K போட்டுவிட்டு, கீயிலிருந்து கையை எடுத்தேன். காதில் கொழும்பு மெல்ல வந்தது. அங்கே ஒரு சொட்டு இல்லை, நேற்று முழுக்கப் பெய்தது, கிணறு பாதிக்கு மேல் ஏறிவிட்டது, பின்பக்கத்துப் பலாமரம் சாய்ந்துவிட்டது என்று அவர் சாவகாசமாக அடித்துக்கொண்டிருந்தார். சரசு வந்து என் தோளைத் தொட்டாள். ஹெட்போனை எடுத்தேன். மழைச் சத்தத்துக்குள் பொன்னக்காவின் குரல் கேட்டது.

நான் போனபோது விளக்கு தெளிவாக எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டரின் கண் அதன்மேல்தான் நிலைத்திருந்தது. என்னுடைய கேள்வி அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நான் காத்திருந்ததும் தெரிந்திருக்கும். பதிலை ஊகித்தாரோ இல்லையோ. உறவுக்காரர்கள் வந்து சேர்ந்து, இறக்கிக் கிடத்தி, செய்ய வேண்டியதெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு ஓரமாக, பயனில்லாமல் நின்றேன். அங்கே மழை இல்லை மாஸ்டர் என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல முடியுமா?

 பதினாறு கழிந்து பல நாள் ஆன பிறகும் தங்கராஜ் சாயங்காலம் மெஷினை மூடிவிட்டுச் சாயாக்கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். நான் கீயைத் தொடவில்லை என்பதை அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அது சரியில்லை என்று எனக்கே தோன்றி, மறுபடி இன்ஜினியரிடம் போனேன். அவர் காரணம் கேட்கவில்லை. நல்ல கம்பிக்கு மாறிக்கொண்டேன்.

மாறின அன்று மாலை ஆம்ப்ளிஃபயரைப் புத்தகப்படி டியூன் செய்தேன். வால்வுகளில் பாதி உயிர்தான் இருந்தது. ஆனால் முள் அழகாக இறங்கி நின்றது. வோல்டேஜ் ஆடவில்லை. கொழும்பைக் கூப்பிட மனம் வரவில்லை, யாராவது கேட்கிறீர்களா என்று பொதுவாகக் கூப்பிட்டேன். உடனே பதில் வந்தது, ஒட்டடை போல மெல்லிசாக. பெயரையும் ஊரையும் எழுதிப் பார்த்தால் ஆஸ்திரேலியா. மேற்குக் கரையில் ஏதோ ஒரு ஊர். என் சத்தம் நன்றாகக் கேட்கிறது என்றார். என் ஊரைக் கேட்டார். சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். அங்கே மழை எப்படி என்று கேட்டு, எனக்காகக் காத்திருந்தார்.

வாசலில் நிழல் தட்டியது. பொன்னக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், சந்துக்கு அப்பால், அவள் வீட்டு பல்பு திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. துளியும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அவள் என் மேசையைப் பார்த்தாள், திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள்.

"இண்ணைக்கு ஆரும் கிட்டலியா தம்பி?"

"இல்லக்கா," என்றேன். "ஆரும் கிட்டல."

அவள் தலையை ஆட்டிவிட்டு மெல்லச் சந்தைக் கடந்து போனாள். கதவுக்கு உள்ளே விளக்கு அணைந்தது. மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து, அவ்வளவு தூரத்திலிருந்து, சன்னமாக வந்துகொண்டிருந்தது. நெடில், குறில், நெடில். கொஞ்சம் இடைவெளி. நெடில், குறில், நெடில்.